எங்கட கிணத்தை எங்களுக்கு ஆர் படிப்பிக்கிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை பெய்கிற மாரி மழைதான் எங்கட முழு முதல். அது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. குடிக்கிறது, குளிக்கிறது, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறது எல்லாம் அந்த வில்லையில் இருந்துதான். இதைப் பற்றி ஒரு முழுமையான பல்கலைக்கழகப் பாடநெறி வேண்டும். இந்தக் கல்லுக்கு மேல் வாழுகிற பிள்ளைகளுக்காக, தமிழில், தெல்லிப்பழையை வகுப்பறையாக வைத்து அது நடக்க வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம். "உதெல்லாம் கம்பஸில ஏற்கனவே படிப்பிக்கினம்தானே" என்று உடனே பதில் வரும். வரட்டும், அதையும் பாப்பம்.

முதலில் கொஞ்சம் தூரம் போய் வருவோம். ஆர்க்டிக் பிரதேசத்துக்கு நூறு வருசத்துக்கு மேலாக விஞ்ஞானிகள் போய் வருகிறார்கள். கோடையில் வருவார்கள், பனியை அளப்பார்கள், மாதிரிகளை எடுத்துக்கொண்டு தெற்கே போய்விடுவார்கள். கட்டுரை தெற்கில் வரும், பட்டமும் தெற்கில் கிடைக்கும். அங்கேயே பிறந்த பிள்ளை தன் ஊர்ப் பனியைப் பற்றிப் படிக்க ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போக வேண்டும். கனடாவை எடுங்கள். எங்கட ஆக்கள் இலட்சக்கணக்கில் போய்க் குடியேறிய அந்த நாட்டின் வடக்குப் பிரதேசங்களில் முதலாவது பல்கலைக்கழகம் வந்தது 2020இல்தான், யூக்கோனில்.

இந்த நிலைமைக்கு எதிராகத்தான் நோர்வேயின் கௌத்தொக்கெய்னோவில் சாமி மக்கள் 1989இல் தங்கள் உயர்கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே சாமி மொழியிலேயே படிப்பிக்கிறார்கள். கலைமான் வளர்ப்பும் அங்கே உயர்கல்விப் பாடம். 2001இல் பின்லாந்தின் ரொவனியெமியில் ஆர்க்டிக் பல்கலைக்கழகம் என்கிற வலையமைப்பு தொடங்கப்பட்டது. வடதுருவத்தைச் சுற்றியிருக்கிற கல்வி நிறுவனங்கள் சேர்ந்து, வடக்கில் வாழ்கிற மாணவர்களுக்காக வடக்கைப் பற்றிய பாடங்களை உருவாக்கின. பனியையும் கடலையும் அங்கே வாழ்கிறவர்களின் கேள்விகளோடு சேர்த்துப் படிக்கிற பாடங்கள் அவை.

இதைக் கேட்டு "ஓ, பாரம்பரிய அறிவைப் போற்றுறாங்கள்" என்று நினைத்தால் பிழை. அலாஸ்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1977இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு, இனுப்பியாக் மக்கள் காலம் காலமாக வேட்டையாடி வந்த போஹெட் திமிங்கிலத்தைப் பிடிக்கத் தடை போட்டது. எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்டது என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. அவர்கள் எண்ணியது பனியின் விளிம்பில் நின்று, கண்ணுக்குத் தெரிந்தவற்றை. வேட்டைக்காரர்கள் சொன்னார்கள்: திமிங்கிலம் பனிக்குக் கீழாலும் போகும், பனியை உடைத்து மூச்சு விடும், நீங்கள் எண்ணாதது நிறைய. அவர்கள் அதோடு நிற்கவில்லை. தங்கள் உள்ளூராட்சி மூலமாக ஆய்வுக்குக் காசு ஒதுக்கினார்கள், விஞ்ஞானிகளை வேலைக்கு எடுத்தார்கள், தண்ணிக்குக் கீழே ஒலிவாங்கிகளை இறக்கினார்கள். பனிக்குக் கீழால் போன திமிங்கிலங்களின் சத்தம் பதிவானது. வேட்டைக்காரர் சொன்னது சரி என்று கணக்கிலேயே தெரிந்தது.

எங்களுக்கு வேண்டியது இந்த மாதிரி. ஊர் அறிவை மாலை போட்டுப் படமாக மாட்டக்கூடாது, அதை அளந்து பார்க்க வேண்டும்.

இப்ப தெல்லிப்பழைக்கு வருவோம். வழுக்கையாறு என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்திருப்பீர்கள். மாரியில் மட்டும் ஓடுகிற அந்த ஆறு தொடங்குவது தெல்லிப்பழைப் பக்கம், போய் விழுவது அராலியில். அதே பிரதேச செயலகப் பிரிவில்தான் கீரிமலைக் கேணி இருக்கிறது. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுகிறது, ஏன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கேயிருந்து கொஞ்சத் தூரத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை. 1950இல் தொடங்கி 1990இல் போரோடு நின்றது, கல் தோண்டிய குழிகள் இன்னமும் வாயைத் திறந்தபடி கிடக்கின்றன. தொழிற்சாலையைத் திரும்பத் திறக்கிற கதை அடிக்கடி எழும்பும். அப்போது அந்தக் கல்தான் எங்கட தண்ணித் தாங்கி என்று கணக்கோடு எழும்பிப் பேச எங்களில் எத்தனை பேர் இருக்கிறோம்?

ஒரு பாடநெறிக்கு வேண்டிய ஆய்வுகூடம் இங்கே ஏற்கனவே இருக்கிறது. ஒரு விதி சொல்லுகிறது: நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நின்றால், கீழே கிட்டத்தட்ட 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். மறுபக்கமாக யோசியுங்கள். பம்பி வைத்து இறைத்து இறைத்து 1 மீற்றர் இறக்கினால், உப்பு 40 மீற்றர் மேலே வரலாம். வெடிப்பும் குகையும் நிறைந்த எங்கட கல்லில் இந்த விதி அப்படியே பொருந்தாது. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று கிணறு கிணறாக அளந்தால்தான் தெரியும்.

"முந்தி ஆக்களுக்கு இதெல்லாம் தெரியும், வீட்டிலயே படிக்கலாம்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில். 1990இல் இந்தப் பக்கம் முழுக்க இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி விழுந்தது. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, கலியாணம் முடித்து, தங்கட பிள்ளைகளோடு காணிக்குத் திரும்பினார்கள். சிலருக்கு இன்னமும் காணி விடுபடவில்லை. எந்தக் கிணறு கோடையில் உவராகும், எந்தத் துரவில் மாட்டுக்குத் தண்ணி வைப்பது, வெள்ளம் எந்தப் பக்கத்தால் வடியும் என்று தாத்தா பேரனுக்குக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டிய கால் நூற்றாண்டு அப்படியே போனது. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட ஒரு நிறுவனம் வேண்டும். பல்கலைக்கழகம் வேறு எதற்கு இருக்கிறது?

அறியாமைக்கு நாங்கள் கொடுத்த விலையைச் சுன்னாகத்தில் பார்த்தோம். மின் நிலையப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் என்று பிரச்சினை வெடித்த நேரம், ஒரு அறிக்கை ஆபத்து என்றது, இன்னொன்று பயப்பட ஒன்றுமில்லை என்றது. சனம் பவுசர் தண்ணிக்கு வரிசையில் நின்றது. 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொல்லி மின் நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. இத்தனை வருசமும் தங்கட கிணத்தைப் பற்றிய ஆய்வறிக்கையை வாசித்துக் கேள்வி கேட்கக்கூடிய பெடியன் பெட்டை ஊருக்குப் பத்துப் பேர் இருந்திருந்தால் கதையே வேறு. இன்றைக்கும் "தண்ணியாலதான் கான்சர்" என்று தேத்தண்ணிக் கடையில் கதைக்கிறோம். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையே இருக்கிறது. அந்தக் கதை உண்மையா பொய்யா என்று எப்படிக் கேட்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்று மட்டும் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

சரி, மறுப்புகளுக்கு வருவோம்.

ஏற்கனவே படிப்பிக்கிறார்கள்தானே? புவியியலில் கொஞ்சம், விவசாயத்தில் கொஞ்சம், பொறியியலில் கொஞ்சம். திருநெல்வேலியில் ஒரு துண்டு, கிளிநொச்சியில் ஒரு துண்டு. நிலவியல் துறை என்றால் பேராதனை. நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அவை ஆங்கிலத்தில் சஞ்சிகைகளில் கிடக்கின்றன. கிணத்துக்காரனுக்கு அவன்ட கிணத்து நைத்திரேற்று அளவு போய்ச் சேருவதில்லை.

தமிழில் விஞ்ஞானம் சரிவராதா? 1860களில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்கிற அமெரிக்க வைத்தியர் மேற்கத்திய மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார். 150 வருசத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு கிணத்தைத் தமிழில் படிக்க முடியாது என்று சொல்வது வெட்கம். ஆங்கிலமும் வேண்டும்தான், உலகத்தோடு வாதாட. அது வாசலை மறித்து நிற்கக்கூடாது.

வேலை கிடைக்குமா? நீர் வழங்கல் சபை, பிரதேச சபைகள், கமநல சேவை நிலையங்கள், சுகாதாரம், எல்லாவற்றுக்கும் இந்த அறிவு தேவை. வேலையற்ற பட்டதாரிகள் வீதியில் இருக்கிற ஊரில் அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் வேலை தருகிற இடங்களையும் பாடத்திட்டம் எழுதுகிற மேசையில் இருத்த வேண்டும் என்கிறோம்.

கடல் தண்ணி வருகுதே, கிணறு எதுக்கு? தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தாயிற்று. நல்லது, குடிக்கலாம். செம்பாட்டு மண்ணில் போட்ட வெங்காயத்துக்கும் அதையா இறைக்கப் போகிறோம்?

எனவே எங்கட கேட்பு இது. இரண்டு வருட டிப்ளோமா ஒன்று, அதில் இருந்து பட்டத்துக்கு ஏறுகிற வழியோடு. இசட் புள்ளி தவறிய பிள்ளைக்கும், தோட்டம் செய்கிற அண்ணைக்கும், வலை இழுக்கிற தம்பிக்கும், பிள்ளை வளர்த்து முடித்த அக்காவுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிணறு: மாரிக்கு முதலும் பிறகும் நீர்மட்டம், உவர், நைத்திரேற்று அளக்க வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பை வரி வரியாக வாசிக்க வேண்டும். செயன்முறைப் பரீட்சையில் விரிவுரையாளருக்குப் பக்கத்தில் ஒரு கமக்காரரும் இருந்து கேள்வி கேட்க வேண்டும். சேர்ந்த தரவு முழுக்க வாசிகசாலைச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

1816இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையில் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 1910இல் துரையப்பாபிள்ளை மகாஜனாவைத் தொடங்கினார். வெளியில் இருந்து வந்த கல்வியும் சரி, ஊர் கேட்டு வாங்கின கல்வியும் சரி, இந்த மண்ணுக்குப் புதிதில்லை. மூன்றாவதைக் கேட்கிற முறை எங்கட தலைமுறைக்கு வந்திருக்கிறது. பல்கலைக்கழகப் பேரவைக்கும் பிரதேச சபைக்கும் எழுதுங்கள், உங்கட பழைய மாணவர் சங்கத்தில் கதையுங்கள். அதுவரைக்கும் ஆரையும் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஒரு கயிறு, ஒரு அளவுநாடா, ஒரு கொப்பி போதும். வாற மாரிக்கு முதல் உங்கட கிணத்து மட்டத்தை எழுதத் தொடங்குங்கள்.