தரிசு என்றால் வேஸ்ட்டா?

'வேஸ்ட்' என்றதும் நமக்குக் குப்பைத்தொட்டிதான் ஞாபகம் வரும். இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் அது ஒரு நிலத்தின் பெயர். பாழ், வெறுமை என்ற பொருளுள்ள லத்தீன் சொல், நார்மன்காரர்களின் பிரெஞ்சு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. நம்மூர் ஜமீன் மாதிரியான 'மேனர்'களில் ஏர் படாமல் கிடந்த நிலமெல்லாம் வேஸ்ட். உடைமை பிரபுவுக்கு. ஆனால் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஊராருக்கு உரிமை உண்டு. பேர்தான் வேஸ்ட், ஏழைகளின் அடுப்பு எரிந்ததே அதை நம்பித்தான்!

1235-இல் மெர்ட்டன் சட்டம் வந்தது. குடியானவர்களுக்குப் 'போதுமான' மேய்ச்சலை விட்டுவிட்டு மீதியைப் பிரபு வேலி போட்டுக்கொள்ளலாம். எது போதும் என்று மாட்டையா கேட்கப் போகிறார்கள்? 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பாராளுமன்றமே சட்டம் மேல் சட்டம் போட்டு அடைத்தது.

இந்தச் சொல் வெள்ளைக்காரனோடு கப்பலேறி மதராஸ் வருவாய்க் கணக்கிலும் உட்கார்ந்தது. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இன்றும் எழுதுகிறார்களே, அது இதுதான். வரி வராதது வீண் என்ற கணக்கு. (புறம்போக்கு என்ற நல்ல தமிழ்ச்சொல் வசவாகிப்போன கதையும் இதன் தம்பிதான்.)

கும்மிடிப்பூண்டி தாலுகா தேர்வாய் கண்டிகைக்கு வாருங்கள். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். அவர்களின் மேய்ச்சல் நிலமும் காடுமாக இருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட இடம் சிப்காட்டுக்குப் போனது. 2009 நவம்பரில் மிஷலின் டயர் கம்பெனியோடு அரசு ஒப்பந்தம் போட்டது. ஊர் போராடியது. பெண்களும் முன்னால் நின்றார்கள்.

"யார் பட்டாவும் போகவில்லையே, அரசு நிலம்தானே" என்கிறார்கள். அட, பிரபுவும் இதைத்தானே சொன்னார்! "வேலை வந்ததே" என்பது அடுத்த வாதம். வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பாலும் விறகும் எந்த இருப்பு நிலைக் குறிப்பில் நஷ்டமாக ஏறியது? காமர்ஸ் முதல் வருடப் பையன்கூட ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேட்டை ஒப்புக்கொள்ள மாட்டான்.

ஊர்ப் பொதுநிலம் பொதுவாகவே இருக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, புறம்போக்கையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் தீர்வைக்கு ஒரு கலம் இருப்பதுபோல், இந்த நிலத்தை யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்றும் ஒரு கலம் போடட்டும். அதைக் கிராம சபையில் வாசித்துவிட்டு அப்புறம் சிப்காட்டுக்கு எழுதட்டும்.