பழங்கலமும் புதுப்பலகையும்

பழைய பொருளொன்றைக் கையேற்றவன் செவியில் இரண்டு குரல்கள் ஒலிக்கும். "இதனைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்கு" என்பது ஒன்று. "முன்னோர் செய்தது, ஓராணியையும் அசைக்காதே" என்பது மற்றொன்று. வீட்டுக்கும் நூலுக்கும் வழக்கத்துக்கும் பொதுவாகிய இவ்வழக்கைத் தீர்த்தற்கு ஒரு பாய்க்கலத்தைச் சான்றாகக் கொள்வது பொருந்தும். ஏனெனில், கடல் எவருக்கும் முகமன் கூறுவதில்லை. பேணாத வீடு ஒழுகும். பேணாத கலம் ஆழும்.

நெடும்பயணத்துக்குரிய சிறு பாய்க்கலங்களுட் பழையவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தம் கைப்படத் திருத்தி ஓட்டுவோர் மேலைநாடுகளிற் பலர் உளர். இது பொருட்குறைவால் வந்த சிக்கனம் என்றே பிறர் எண்ணுவர். சிக்கனம் மாத்திரமன்று, இஃது ஒரு கல்வியுமாம் என்பதே எமது கட்சி. இக்கல்விக்கு முன்னோடியாகக் கொள்ளத்தக்கவர் ஜோசுவா சுலோக்கம் என்னும் மாலுமி.

நோவா ஸ்கோஷியாவிற் பிறந்து, அமெரிக்கப் பாய்க்கப்பல்களின் தலைவராய்ப் பல கடல்களையும் கண்டவர் அவர். நீராவிக் கப்பல்கள் பெருகவே பாய்க்கப்பற் றலைவர்களுக்கு வேலை அருகிற்று. 1892ஆம் ஆண்டு மாரியிலே, திமிங்கில வேட்டைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற தலைவர் ஒருவர், சிறிது திருத்தவேண்டிய கப்பலொன்று தருவேன் என்றார். மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பெயர்ஹேவன் என்னும் ஊருக்குச் சென்று பார்த்தால், கடல் தீண்டாத வயலொன்றிலே ஏழாண்டாக முட்டுக்கொடுத்து நின்றது அக்கலம். 'ஸ்பிரே' என்பது அதன் பெயர். அதனை உடைக்கவே அவர் வந்தார் என ஊரார் எண்ணினர். அவரோ மீளக் கட்டப்போவதாக விடையிறுத்தார்.

அயலில் நின்ற ஓக்கு மரத்தை வீழ்த்தி, கலத்துக்கு அடித்தாங்கியாகிய ஏராமரத்தைச் செதுக்கினார். வங்குகள் எனப்படும் விலாச்சட்டங்களுக்குரிய மரங்களை ஆவிப்பெட்டியிலிட்டு இளக்கி வளைத்தார். ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள பைன் பலகைகளை அவற்றின்மேல் அறைந்தார். பலகைப் பொருத்துகளிலே பஞ்சுத்திரியும் கயிற்றுநாரும் செலுத்திக் கலப்பற்றுச் செய்தார். பொருட்செலவு 553 டொலர் 62 சதம். உழைப்புப் பதின்மூன்று மாதம். 36 அடி 9 அங்குல நீளமுள்ள அக்கலத்திலே 1895 ஏப்பிரல் 24இல் பொஸ்ரனிலிருந்து தனியராய்ப் புறப்பட்டு, 46,000 மைலுக்கு மேற் கடந்து, 1898 யூன் 27இல் நியூபோட் துறையை அடைந்தார். உலகைத் தனியொருவராய்ப் பாய்க்கலத்திற் சுற்றிவந்த முதல்வர் அவரே. அவ்வரலாற்றை 1900இல் நூலாகவும் வெளியிட்டார்.

இவர்பாற் கற்கவேண்டியவற்றுள் முதலாவது, வரிசை. உறுதி முன், வசதி பின் என்பது அவர் கொண்ட முறை. அடிமரத்திலும் விலாச்சட்டத்திலும் குறைவையாத அவர், தம்மிடமிருந்த கடற்கடிகையைச் செப்பனிடப் பதினைந்து டொலர் கேட்கப்பட்டபோது அதனை விடுத்து, ஒரு டொலருக்குத் தகரக் கடிகாரமொன்றை வாங்கிக்கொண்டார். அக்கடிகாரத்தைத் துணைக்கொண்டே உலகைச் சுற்றினார்.

இன்று பழங்கலம் வாங்குவோரிற் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றனர். மின்திரையும் குளிர்ப்பெட்டியும் சூரியத்தகடும் முதலிற் கலமேறுகின்றன. கண்ணாடியிழையாற் செய்த உடல் அறுபது ஆண்டும் நிற்கலாம். அதனோடு பிணைந்தவை அவ்வாறு நிற்பதில்லை. பாய்மரத்தைத் தாங்கும் துருப்பிடியா உருக்குக் கம்பிகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கொருமுறை மாற்றுதல் வழக்கம். அக்கம்பிகளைக் கலத்தின் உடலோடு பிணைக்கும் தகடுகளோ மேற்றளத்துள் மறைந்திருப்பன. காற்றுப் புகாது ஈரம் தேங்கிய இடத்திலே, துருப்பிடியா உருக்கும் தன் காப்புப் படலத்தை இழந்து வெடிக்கும். நீர்மட்டத்தின் கீழுள்ள வாய்களிலே பித்தளை அடைப்புகளைப் பொருத்தியிருப்பின், நாகம் கரைந்துபோக, நொறுங்கும் செம்புச் சக்கையே எஞ்சும். மேற்றளத்து இரு கண்ணாடியிழைத் தகடுகளின் இடையே பல்சா மரம் வைத்த கலங்களில், ஓராணித் துளை வழியே புகுந்த நீர் அம்மரத்தை உளுக்கச் செய்துவிடும். இவற்றுள் ஒன்றேனும் தூரநின்று நோக்குவார் கண்ணிற் படுவதன்று. கழற்றிப் பார்ப்பவனுக்கே புலனாகும்.

இரண்டாவது, கையால் அறிந்த அறிவு வழியிற் கைகொடுக்கும் என்பது. புவனெஸ் ஐரெசு நகரிலே சுலோக்கம் தம் பாய்மரத்தை ஏழடி குறைத்தார்; மகெல்லன் நீரிணையிலே பின்புறத்திற் சிறு பாயொன்றைச் சேர்த்துப் பாயமைப்பையே மாற்றினார். கரையிலிருந்து கற்பனை செய்த திருத்தமன்று அது. கடல் கேட்ட திருத்தம். பழங்கலம் கைக்கு வந்த அன்றே அனைத்தையும் மாற்ற விரைபவர், ஒரு பருவமேனும் அதனோடு பழகிய பின்னரே எது வேண்டும் என்று துணிதல் நன்று.

ஆயின், எல்லாவற்றையும் தானே செய்தல் தகுமோ எனின், தானே செய்தல் வேறு, எவரையும் கேளாது செய்தல் வேறு என்க. சுலோக்கம் வேலை செய்த வயலுக்குப் பழைய திமிங்கில வேட்டைத் தலைவர்கள் வந்தனர், பொருத்துகளை நோக்கினர், குறைநிறை கூறினர். அவரும் செவிசாய்த்தார். அடுப்புவாயுக் குழாயையும் பாய்மரக் கம்பியையும் தேர்ந்த கண்ணுக்குக் காட்டுதலால் உடையவனுக்கு இழுக்கில்லை. செய்தவன் இன்னதெனக் கேட்கவும் அறிவான். செய்யாதவன் விலையை மாத்திரமே கேட்பான்.

மூன்றாவது, தொடக்கத்திற் கூறிய வழக்குக்கு உரியது. பலகை ஒவ்வொன்றாய் மாறிய பின் 'ஸ்பிரே' பழங்கலமோ புதுக்கலமோ? எவ்விடத்திற் பழையது முடிந்து புதியது தொடங்கிற்று என்று சொல்லல் அரிது எனச் சுலோக்கமே எழுதுகின்றார். அதன் வடிவம் தொடர்ந்தது, பெயர் தொடர்ந்தது, கடலில் ஓடும் தொழிலும் மீண்டது. ஒரு பலகையும் மாறாது வயலிலே நின்றிருப்பின் இன்று அதன் பெயரும் நமக்கு எட்டியிராது. கழித்தெறிய வேண்டும் என்பாரும் அசைக்கலாகாது என்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் எந்தப் பலகை உளுத்தது, எது உறுதியுடையது என்று தட்டிப் பார்த்திலர்.

இப்பணிக்கு முடிவும் இல்லை. இறுதி ஆண்டுகளிற் கலம் முன்போலப் பேணப்படவில்லை என்று கண்டோர் கூறியுளர். 1909இல் அதே கலத்திற் புறப்பட்ட சுலோக்கம் மீளவில்லை. அதன் காரணம் எவருக்கும் தெரியாதாகலின் நாம் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. ஆயினும், ஒருமுறை நன்கு கட்டியது என்றென்றும் நன்கு கட்டியதாகாது என்பதை எந்த ஓடாவியும் அறிவான்.

ஓடாவி என்ற சொல்லை இங்கே வேண்டியே வைத்தோம். பொஸ்ரனை விட்ட 'ஸ்பிரே' முதலில் தங்கிய துறைகளுள் ஒன்று குளொஸ்ரர். அதே துறைக்கு 1938இல் வந்தடைந்தது வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தாற் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்'. அதனை வாங்கியவர் வில்லியம் அல்பேட் றொபின்சன். முன்னர்ச் சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிவந்தவர். அத்தகையார் ஒருவர் எம்மவர் கைத்தொழிலை மதித்து வாங்கினார். ஆனால், ஏரா, வங்கு, கலப்பற்று, அணியம் என்னும் சொற்கள் எம் மாணாக்கருள் எத்துணைப் பேருக்குத் தெரியும்? சுலோக்கம் தம் உழைப்பைத் தெளிந்த உரைநடையில் எழுதிவைத்தார். எம் ஓடாவிகளின் அறிவு பெரும்பாலும் அவர்தம் நாவளவில் நின்றது.

கரையோர ஊர்களிலே தோணியும் வள்ளமும் திருத்துவோர் இன்றும் உளர். ஆசிரியர்கள் ஒருநாள் மாணாக்கரை அங்கே அழைத்துச் செல்க. எந்த உறுப்புக்கு என்ன பெயர், எது முதலில் உளுக்கும், எதனை மாற்றுவர், எதனை விடுவர் என்று கேட்டு எழுதச் செய்க. தொழில் நிற்கும் வரையிலேதான் அதன் சொற்களும் வாயில் நிற்கும். கேட்பதற்குக் காலம் இதுவே.