ஒரே குடத்தில் எல்லோருக்குமா?



கலவையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் வேலை. மாலையில் சட்டையில் உப்புப் பூத்தபடி வீடு திரும்புகிறார். மாமியாருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உண்டு. ஆறு வயதில் ஒரு மகன், எட்டு மாதத்தில் ஒரு கைக்குழந்தை. தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து குடத்தில் வைத்துக்கொண்டு, வீட்டார் அனைவரும் நாள்தோறும் தண்ணீருக்குப் பதிலாக அதையே பருகினால் உடல் சோராது என்று உறவினர் ஒருவர் சொன்னாராம். இந்துப்பு போட்டால் இன்னும் சிறப்பாம். பத்து நாட்களாக அவ்வாறே செய்து வருவதாகவும், அது சரிதானா என்றும் கேட்கிறார்.

சகோதரி, குடத்தை இன்றே காலி செய்துவிடுங்கள். அந்தக் கரைசல் கெட்டதன்று. உயிர் காக்கும் மருந்து. மருந்து என்பதனாலேயே அதை வீட்டார் அனைவருக்கும் அன்றாடப் பானமாக்கக் கூடாது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. சொம்பும் டம்ளரும் வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே ஒரு லிட்டர் பாட்டிலால் அளப்பதே நன்று. கலந்தபின் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். ஒரு நாளுக்குமேல் வைத்திருக்கலாகாது.

இப்போது கணக்குப் போடுங்கள். அந்த அரைத் தேக்கரண்டி உப்பு ஏறக்குறைய 3 கிராம். பெரியவர் ஒருவர் நாள் முழுவதும் உண்ணும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் வருவதற்கு முன்னரே உங்கள் மாமியாரின் பங்கில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. சர்க்கரையோ 25 கிராமுக்குக் குறையாது. இரு நோய்களும் உள்ள அந்த அம்மையாருக்கு இதை அன்றாடம் ஊற்றிக் கொடுப்பது, ஒரு கையால் மாத்திரை கொடுத்து மறு கையால் நோயை வளர்ப்பதாகும். இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். மற்ற தாதுக்கள் துளியளவே. அயோடின் சேர்க்காததாயின் அந்தக் குறை வேறு.

அப்படியானால் இது யாருக்கு மருந்து? வயிற்றுப்போக்கு கண்டவருக்கு. சிறுகுடலில் சர்க்கரையும் உப்பும் ஒன்றையொன்று கைப்பிடித்து உள்ளே செல்கின்றன. அவற்றின் பின்னே தண்ணீரும் செல்கிறது. காலராவிலும் இந்த வாயில் அடைபடுவதில்லை.

1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லையோரத்துப் போங்காவில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றைப் பொட்டலங்களாகக் கட்டச் செய்து, தண்ணீரில் கரைத்துக் குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளிகளுக்குப் புகட்டியவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய உற்றாரே. நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு, அக்கரைசல் கிடைத்தவர்களிடையே நான்குக்கும் கீழே இறங்கிற்று.

அதன்பின் வங்கதேசத்தில் நடந்தது நம் போன்ற பெண்கள் அறிய வேண்டிய வரலாறு. 1980 முதல் 1990 வரை பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட இல்லங்களில், மூன்று விரல் சிட்டிகை உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் தண்ணீரில் கரைக்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஊழியருக்கான கூலி, தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைச் சோதித்த பின்னரே முடிவாயிற்று. தாய்மார் கற்றும் பல வீடுகளில் செய்யவில்லை. ஆண்களுக்கு இதில் நம்பிக்கை வரவில்லை என்பது ஒரு காரணம். பிறகுதான் ஆண்களிடமும் எடுத்துச் சொன்னார்கள். (வீட்டு ஆண்கள் இந்தப் பக்கத்தையும் புரட்டுவார்களாக!)

நம் பகுதிக்கு இன்னொரு கவலை உண்டு. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடுகிறார்கள். ஊறவைத்துக் கழுவுகையில் அந்த உப்பு கழிவுநீருடன் வெளியேறுகிறது. பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துக் கிணறுகள் பல கரித்துப் போனது இவ்வாறே. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்ட ஆய்வுச் செய்தியை, 1996ஆம் ஆண்டு வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே குறித்திருக்கிறது. நமக்குச் சோறு போடும் தொழில்தான். அதற்காக உண்மையை மறைப்பானேன்? ஆகவே நீங்கள் எடுக்கும் தண்ணீர் நாவில் கரித்தால், அதில் மேலும் உப்பிடுவது அளவைக் கெடுத்துவிடும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. கரிக்காத தண்ணீரையே இதற்கு எடுங்கள்.

உங்கள் கணவருக்குச் சொல்கிறேன். வேலையிடத்தில் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது வெறும் தண்ணீர் பருகட்டும். வெயில் கொளுத்தும் நாளில் உப்பிட்ட மோரோ நீராகாரமோ ஒரு தூக்கில் கொண்டுபோகட்டும். இழந்த உப்பை அதுவும் மதிய உணவுமே ஈடுசெய்யும். ஸஹரில் உப்புக் கரைசல் குடித்தால் நோன்பில் தாகம் தெரியாது என்று சிலர் நம்புகிறார்கள். மிகுந்த உப்பு தாகத்தைக் கூட்டவே செய்யும்.

கஞ்சியின் அருமையை நம் வேலூரே உலகுக்குச் சொல்லியிருக்கிறது எனலாம். காலரா நோயாளிகளின் கரைசலில், எளிதில் செரிக்காத ஒருவகைச் சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு குறைந்து சீக்கிரம் நின்றதை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் ஆய்ந்தோரும் கண்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். உப்பிட்ட அரிசிக் கஞ்சி வயிற்றுப்போக்குக்கு நல்ல வீட்டு ஆகாரம். நோன்புக் கஞ்சியை இதற்குக் கொடுத்துவிடாதீர்கள். மசாலாவும் தேங்காய்ப்பாலும் அந்த வயிற்றுக்கு ஆகாது. நோன்பாளிக்கே நோய் கண்டால் நோன்பை விட்டுப் பின்னர் நோற்க அல்பகரா அத்தியாயம் அனுமதி தருகிறது. அதை மறுத்து உடலை வருத்த வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு மட்டும் கை அளவை நம்பாதீர்கள். உப்பு மிகுந்தால் வலிப்பு வரலாம். சர்க்கரை மிகுந்தால் போக்கு கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டை வாங்கி வீட்டில் வைத்திருங்கள். கடையில் விற்கும் பழச்சுவைப் பானங்கள் அந்தப் பெயரைத் தாங்கி ஏமாற்றிவந்ததால், உரிய சேர்மானம் இல்லாதவை அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பொட்டலத்தில் எந்த அளவுத் தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவில் முழுவதையும் கரைக்க வேண்டும். ஒவ்வொரு முறை போனதும் கைக்குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, பெரியவனுக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மெல்ல மெல்லக் கொடுங்கள். தாய்ப்பாலை ஒருவேளையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

குழந்தை குடிக்க மறுத்தாலோ, கண் குழிந்து துவண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால், வழியெல்லாம் தேக்கரண்டியால் புகட்டிக்கொண்டே செல்லுங்கள்.