சூட்கேஸில் குடியிருந்த அத்தை

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஏழெட்டு நிமிட நடையில் இருக்கிறது எங்கள் மூவறை வீடு. மூவறை என்றால் கூடத்தையும் சேர்த்துத்தான். படுக்கையறை இரண்டே இரண்டு. மொத்தம் 65 சதுர மீட்டர். எழுபதுகளில் கட்டிய புளோக் என்பதால் குளியலறைக்குப் போக சமையலறையைத் தாண்ட வேண்டும். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழி செருகும் குழாய்கள் இன்னும் இருக்கின்றன. புதிய வீடுகளில் இருக்கும் பாதுகாப்பறை இங்கே இல்லை. அந்தச் சின்ன அறை உங்கள் வீட்டில் இருந்தால், குறை சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரும் சொத்து.

வீடு வாங்கியபோது எனக்கு ஸ்வீடன் பைத்தியம். வெள்ளைச் சுவர், வெள்ளை அலமாரி, வெளிர் மரத் தரை, சன்னலோரம் ஒரு செடி. சனிக்கிழமை காலை அலெக்சாண்டிரா சாலை ஐகியாவுக்குப் போனால் மாலை வரை அங்கேயே சுற்றுவேன். என் கணவர் மீட்பால் சாப்பிட்டுவிட்டு, எந்த சோபா காலியாக இருக்கிறதோ அதில் உட்கார்ந்து தூங்குவார். ஆறு மாதத்தில் வீடு படத்தில் பார்த்ததுபோல் ஆகிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் "ஹோட்டல் மாதிரி இருக்கு" என்றார்கள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு மாமா காலமானார். ஈசூனில் இருந்த நாலறை வீட்டை விற்றுவிட்டு அத்தை எங்களுடன் வந்துவிடுவது என்று முடிவானது. சாமான்களைப் பிரிக்க இரண்டு நாள் போனேன். ஆள் உயரக் கண்ணாடிக் கதவு வைத்த மர அலமாரி ஒன்று இருந்தது. திருமணமான புதிதில் மாமா வாங்கியது. மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத காலத்தில், நின்ற மாடியிலிருந்து இரண்டு மாடி படியிறக்கிக் கொண்டுவந்தார்களாம். ஃபேரர் பார்க் வீட்டில் அதை வைக்க இடமில்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான், அளந்து பார்த்தேன், எட்டு சென்டிமீட்டர் குறைந்தது. ஆனால் இன்னொன்றும் உண்மை. கூடத்தில் இடம் இருந்தது. என் வெள்ளைச் சுவருக்கு முன்னால் அந்தக் கறுத்த அலமாரியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காராங்குனிக்காரர் வந்து தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அத்தை வாசல்வரை வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் பேரனோடு ஓர் அறை. அவருக்கென்று புத்தம் புது அலமாரி, வெள்ளையில், நான்கு இழுப்பறைகளுடன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் ஆறு வயது மகன் கேட்டான்: "அம்மா, பாட்டி எப்ப ஊருக்குப் போறாங்க?"

"எந்த ஊருக்குடா?"

"அவங்க துணியெல்லாம் சூட்கேஸ்லதானே இருக்கு."

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். சூட்கேஸ் பாதி திறந்திருந்தது. புடவைகள், மாமாவின் கைக்கடிகாரம், மருந்து, துணியில் சுற்றிய காமாட்சி விளக்கு. புது அலமாரியின் இழுப்பறைகளில் பேரனின் பொம்மைகள் மட்டும். ஏன் என்று கேட்டதற்கு, "ஒங்க வீட்டு அலமாரிமா. எதை எங்க வைக்கிறதுன்னு தெரியல. நீ அழகா வச்சிருக்கே, நான் கலைச்சிடக் கூடாதுல்ல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றிரவு, நான் காப்பியடித்த ஸ்வீடன் வீடு உண்மையில் என்ன என்று முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன்.

அந்த வெள்ளைக்குக் காரணம் ஆடம்பரமோ எளிமையோ அல்ல, இருட்டு. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் சுமார் ஆறு மணி நேரம்தான். மூன்று மணிக்கே சூரியன் மறைந்துவிடும். சன்னல் வழியே வரும் கொஞ்ச வெளிச்சத்தைச் சுவர் திருப்பித் தர வேண்டும் என்பதற்காக வெள்ளை. நமக்கோ ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரப் பகல். மேற்குப் பார்த்த என் கூடத்தில் மாலை நான்கு மணிக்குக் கண் கூசும். அத்தை அந்த நேரத்தில் கூடத்துக்கு வராததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

அதைவிட வியப்பு, அவர்கள் கொண்டாடும் வீடு வெள்ளையே இல்லை. ஃபாலுன் நகருக்குப் பக்கத்தில் சுண்ட்போர்ன் என்ற சிற்றூரில் ஓவியர் கார்ல் லார்சனும் அவர் மனைவி காரினும் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 1888இல் காரினின் தந்தை கொடுத்த சிறிய வீடு. பிள்ளைகள் பிறக்கப் பிறக்க ஒட்டுப் போட்டு வளர்த்திருக்கிறார்கள். சாப்பாட்டு அறை சிவப்பும் பச்சையும். காரினும் ஓவியம் பயின்றவர்தான். பின்னாளில் நெசவுக்கும் மரச்சாமான் வடிவமைப்புக்கும் திரும்பினார். திரைச்சீலை, மேசை விரிப்பு, நாற்காலி எனப் பலவும் அவர் கைவண்ணம். கார்ல் அந்த அறைகளை நீர்வண்ணத்தில் வரைந்து 1899இல் ‘ஒரு வீடு’ என்று பொருள்படும் தலைப்பில் புத்தகமாக வெளியிட்டார். ஸ்வீடன் வீட்டு அலங்காரம் என்று உலகம் இன்று பேசுவதன் வேர்களில் ஒன்று அந்தப் புத்தகம். அதில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பூந்தொட்டி இருக்கிறது, நாய் இருக்கிறது. என் வீட்டுப் படத்தை அப்படி யாராவது வரைந்தால் அதில் அத்தை எங்கே இருப்பார் என்று யோசித்தேன்.

மறுவாரம் வேலையைத் தொடங்கினோம். புதுப்பிப்புப் பணி என்று சொல்லும் அளவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சுவர் எதையும் இடிக்கவில்லை.

முதலில் அத்தையிடம் ஒரு கேள்வி: தினமும் கையில் எடுப்பவை எவை, வாரம் ஒருமுறை எவை, தீபாவளி பொங்கலுக்கு மட்டும் எவை? தரையில் பழைய பாயை விரித்து மூன்று குவியலாகப் போட்டோம். தினசரிக் குவியல் மிகச் சிறியது. அதற்கு மட்டும் முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இடம் ஒதுக்கினோம். முழங்கால் வலி உள்ளவரைக் குனியவும் வைக்கக்கூடாது, நாற்காலி மேல் ஏறவும் வைக்கக்கூடாது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நான் கற்ற ஒரே சூத்திரம் இதுதான். அதைக் கடைக்குப் போகுமுன் கற்றிருந்தால் நான்கு இழுப்பறை அலமாரி வாங்கியிருக்க மாட்டேன். அதன் கடைசி இரண்டு இழுப்பறைகளை அவரால் குனிந்து இழுக்கவே முடியாது.

அடுத்து சன்னலோரப் பெட்டி பெஞ்சு. இடமில்லாத ஸ்வீடன் விவசாயக் குடும்பங்களில் சமையலறை சோபா என்று ஒன்று இருந்தது. பகலில் பலகை இருக்கை. இரவில் இழுத்தால் கட்டில். நாம் மட்டும் என்ன, கள்ளிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவர்கள்தானே, ட்ரங்குப் பெட்டி மேல் மெத்தை போட்டவர்கள்தானே! தச்சரிடம் சொல்லி 120 சென்டிமீட்டர் நீளம், 40 ஆழம், 46 உயரத்தில் செய்தோம். உயரத்தை அத்தையை உட்காரவைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். நான் கேட்ட 40இல் உட்கார்ந்தவர் எழ முடியாமல் என் கையைப் பிடித்தார். மூடி மெதுவாக இறங்கும் தாங்கி கட்டாயம் போடுங்கள், பிள்ளைகளின் விரல் நசுங்காது. பின்பக்கம் நாலைந்து காற்றுத் துளைகள். உள்ளே இரண்டாம் குவியலும் மூன்றாம் குவியலும்.

சமையலறையில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த மாற்றம். 1949இல் நில்ஸ் ஸ்ட்ரின்னிங் வடிவமைத்த ‘ஸ்ட்ரிங்’ அலமாரியைப் பார்த்திருப்பீர்கள்: இரு பக்கமும் ஏணிபோல் மெல்லிய கம்பிச் சட்டம், நடுவே பலகைகள். புத்தகத்துக்காகச் செய்தது. அசலின் விலை கேட்டு மயங்காமல், அதேபோல் கம்பி அலமாரி ஒன்றை அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மாட்டினோம். அதில் அத்தையின் எவர்சில்வர் டப்பாக்கள். நான் எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கண்ணாடிப் புட்டிகளில் போட்டு வைத்திருந்தேன். வெயில் பட்டு மிளகாய்த்தூள் வெளுத்ததுதான் மிச்சம். டப்பாக்கள் மூடியோடு, பெரியது கீழே சிறியது மேலே என்று அத்தையே அடுக்கினார். அஞ்சறைப்பெட்டி அவர் வலக்கை எட்டும் இடத்தில். நான் இடக்கைக்காரி. நான் சமைக்கும்போது நகர்த்திக்கொள்கிறேன், முடிந்ததும் திரும்ப வைத்துவிடுகிறேன்.

உயரத்தைப் பயன்படுத்துவது நமக்குப் புதிதில்லை. தரையில் இடமில்லையென்றால் உறி கட்டியவர்கள் நாம். பரண் வைத்தோம், சுவருக்குள்ளேயே மாடக்குழி வைத்து விளக்கேற்றினோம். வீவக வீட்டுச் சுவரில் குழி வெட்ட முடியாது. அதனால் கூடத்துச் சதுரக் கட்ட அலமாரியில் கண் உயரத்தில் இருக்கும் கட்டம் ஒன்றைக் காமாட்சி விளக்குக்கு விட்டோம். உள்ளே 33 சென்டிமீட்டர்தான் உயரம். அதனால் தீபத்தை அங்கே ஏற்றுவதில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் பித்தளைத் தாம்பாளத்தின் மேல் வைத்து ஏற்றிவிட்டு, குளிர்ந்ததும் கட்டத்துக்குள் வைக்கிறார். மரப்பலகைக்கு அடியில் சுடர் வேண்டவே வேண்டாம். திரைச்சீலைக்கு அருகிலும் வேண்டாம்.

வெளிச்சத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்தது. கூரையில் ஒரே பெரிய விளக்குக்குப் பதிலாக அங்கங்கே சிறு விளக்குகள் வைப்பது ஸ்வீடன் வழக்கம். 2700 கெல்வின் மஞ்சள் ஒளியில் மூன்று வைத்தேன். "என்னமா, கரண்ட் போன மாதிரி இருக்கு" என்றார் அத்தை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வயதாக ஆகக் கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை. அவர் அரிசி பொறுக்கும், தமிழ் முரசு படிக்கும் இடத்தில் 4000 கெல்வினில் பளிச்சென்று ஒரு மேசை விளக்கு. அவர் படித்து முடித்ததும் மஞ்சள் விளக்கு. என் கணவர் இரண்டுக்கும் நடுவில் கைத்தொலைபேசி பார்க்கிறார்.

குளிர்நாட்டுச் சாமான்களை இங்கே வைக்கும்போது கவனிக்க வேண்டிய சில. நம் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அழுத்திய மரத்தூள் பலகை தண்ணீர் பட்டால் ஊதிவிடும். தரை துடைக்கும்போது அடிப்பாகம் நனையாதபடி கால் வைத்ததாக வாங்குங்கள். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பட்டுப் புடவையைப் பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் இருந்தால் சரிகை அங்கேயே முறியும். அந்துருண்டை சரிகையைத் தொடக்கூடாது. இது ஐகியா கையேட்டில் இல்லை, அத்தை சொன்னது.

இழுப்பறை அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். பிள்ளைகள் இழுப்பறைகளைப் படியாக்கி ஏறுவார்கள். அமெரிக்காவில் அலமாரி கவிழ்ந்து குழந்தைகள் இறந்த பிறகு, 2016இல் ஐகியா அங்கே 29 மில்லியன் அலமாரிகளை மீட்டுக்கொண்டது. பெட்டியோடு வரும் அந்தச் சிறு பட்டையைத் தேவையில்லை என்று தூக்கிப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. பிறகு வாங்கிப் பொருத்தினேன். வாசலில் காலணி அடுக்கு வைக்கிறவர்கள், நடைபாதையில் 1.2 மீட்டர் வழி இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். கோலத்துக்கு அந்தக் கவலை இல்லை.

கூடத்துச் சுவர் ஒன்றை மஞ்சளாக்கினோம். நிறத்தை அத்தைதான் தேர்ந்தெடுத்தார். நான் காட்டிய வெளிர் மஞ்சளை ஒதுக்கிவிட்டு, சாமந்திப்பூ நிறத்தில் விரலை வைத்தார். கெர்பாவ் சாலையில் டான் டெங் நியா வீட்டைத் தாண்டித்தான் தினம் தேக்காவுக்குப் போகிறார். அத்தனை நிறத்தைப் பார்த்து வந்தவருக்கு என் வெளிர் மஞ்சள் எப்படிப் பிடிக்கும்! மாலை வெயில் படும்போது அந்தச் சுவர் கண் கூசுவதில்லை. நான்கு மணிக்கு அவர் பெஞ்சில் இருக்கிறார், பக்கத்தில் பேரன் வீட்டுப்பாடத்தோடு.

மர அலமாரியைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. பழைய மரச்சாமான் விற்கும் இடங்களில் இரண்டு மூன்று வாரம் தேடினேன். சுங்கை ரோடு சந்தையும் 2017இல் மூடிவிட்டார்கள், இல்லாவிட்டால் அங்கேயும் போயிருப்பேன். கிடைக்கவில்லை. நான் தேடியதை அத்தையிடம் சொல்லவில்லை. ஒருநாள் அவராகவே, "அந்தக் கண்ணாடியில ஒரு கீறல் இருந்துச்சு, ஒன் வீட்டுக்காரர் சின்ன வயசுல பந்து அடிச்சது" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

சூட்கேஸ் இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. உள்ளே தீபாவளி மின்விளக்குச் சரங்கள். அதை எடுக்க நாற்காலி போட வேண்டும், அதனால் அந்த வேலை என்னுடையது.