சமையல்கட்டுக்கும் ஒரு லைன் கொடுங்கள்!

கரன்ட் போகும்போது வீட்டில் எல்லா அறையும் ஒன்றாகத்தான் இருட்டாகிறது. ஆனால் இன்வர்ட்டர் வெளிச்சம் மட்டும் எல்லா அறைக்கும் வருவதில்லையே, ஏன்? சகோதரிகள் அவரவர் வீட்டை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். ஹாலில் ட்யூப் லைட் எரியும், ஃபேன் சுற்றும், டி.வி. கூட ஓடும். படுக்கையறைக்கும் லைன் இருக்கும். சமையல்கட்டில்? செல்போன் டார்ச்சை உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஒருத்தி தோசை திருப்பிக்கொண்டிருப்பாள்!

நான் உத்திரமேரூரை அடுத்த மானாம்பதியில் இருக்கும் இல்லத்தரசி. எங்கள் பக்கம் வசதிப்பட்ட வீடுகளில் இன்வர்ட்டர் வந்து பல வருஷமாகிறது. நான் போய் வரும் வீடுகளில் பார்த்தவரை சமையல்கட்டுக்கு லைன் இழுத்த வீடு ரொம்பக் குறைவு. காரணம் சிம்பிள். எலக்ட்ரீஷியன் வந்து "எந்தெந்த பாயின்ட்டுக்குக் கொடுக்கட்டும்?" என்று கேட்பது வீட்டு ஆம்பிளையிடம். அவர் தான் உட்காரும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் சொல்கிறார். அடுப்படியில் நிற்கிறவளை யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் மாட்டியபோதும் இதே கதைதான். "சமையல்கட்டுக்கும் ஒரு லைட் கொடுங்கண்ணா" என்றேன். "லோடு தாங்காதும்மா" என்றார் வந்தவர். "ஐம்பது வாட் டி.வி.யைத் தாங்குற பெட்டி, ஒன்பது வாட் பல்பைத் தாங்காதாண்ணா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரரே சிரித்துவிட்டார். அரை மணி நேரத்தில் லைன் வந்துவிட்டது. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"இப்பதான் முன்னே மாதிரி கரன்ட் போறதில்லையே" என்பார்கள். உண்மைதான். 2012-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் 2 மணி நேரம் என்றால், வெளி மாவட்டங்களில் பல ஊர்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேலேயே போயிற்று. 2011-ல் அரசு இலவசமாக மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த வருஷமே அதை ஓட்டக் கரன்ட் இல்லாமல் அம்மியை மறுபடி கழுவி வைத்தோம்! இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் நிறுத்தினார்கள். அங்கேயும் இருட்டில் அடுப்பு மூட்டியது நம்மைப் போன்ற பெண்கள்தானே.

இன்றைக்கு அந்த நிலைமை இல்லை. ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் பூராவும் போகும் நாள் இருக்கிறது. கோடையில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓட, டிரான்ஸ்பார்மர் திணறி ராத்திரியில் போகும். காற்று மழை வந்தால் கேட்கவே வேண்டாம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் எத்தனை கம்பத்தைச் சாய்த்தது! கிராமத்தில் இருட்டு என்றால் புழுக்கம் மட்டுமில்லை. மழை நாளில் கொல்லைப்புறம் போகப் பாம்பு பூச்சி பயம். மெழுகுவர்த்தியை கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவும் பயம். கைக்குழந்தை இருக்கும் வீடு, படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கும் வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

சரி, இன்வர்ட்டர் வாங்கவே வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? பேட்டரியோடு சேர்த்தால் இருபதாயிரத்தை ஒட்டி வருகிறது. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அதற்கு எங்கே போவது? அவர்களுக்குத்தான் கையில் தூக்கிப் போகும் சின்ன லித்தியம் பேட்டரி நல்லது என்பேன். சுவரில் பதித்த லைன் அதற்குத் தேவையில்லை. அடுப்படியில் வேலை என்றால் அடுப்படிக்கு, மாடு கத்தினால் தொழுவத்துக்கு, ராத்திரி குழந்தையின் பாய்க்குப் பக்கத்தில் என்று நாம் போகும் இடத்துக்கெல்லாம் அதுவும் வரும். எந்த அறைக்கு வெளிச்சம் என்று யாரிடமும் கேட்கவும் வேண்டாம்!

ஆனால் கடையில் ஏமாறக் கூடாது. கணக்கு ஒன்றுதான், நம் வீட்டுத் தண்ணீர்க் கணக்கு மாதிரி. வாட்-ஹவர் என்பது குடத்தில் இருக்கும் தண்ணீர். வாட் என்பது ஒரு மணி நேரத்தில் நாம் மொள்ளும் அளவு. பேட்டரி மேல் போட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் வாட்-ஹவர் வந்துவிடும். 12 வோல்ட், 12 ஆம்பியர்-ஹவர் என்றால் 144.

இப்போது செலவைப் பாருங்கள். 9 வாட் பல்பு ஒன்று, 15 வாட் சின்ன டி.சி. ஃபேன் ஒன்று, ஆக 24. நாலு மணி நேரத்துக்கு 96. நடுவில் கொஞ்சம் வீணாகும், குடத்தை ஒட்டத் துடைக்கவும் கூடாது. அப்படியும் 144 தாராளம். அதே பேட்டரியில், வேண்டிய கருவியெல்லாம் வைத்து 75 வாட் சீலிங் ஃபேனை ஓட்டினால் இரண்டு மணி நேரம் கூட வராது. மிக்ஸி 500 வாட்டுக்கு மேல் இழுக்கும், அதை நினைக்கவே வேண்டாம்.

பவர் பேங்க் வாங்கப் போனால் "20,000" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பான். அது மில்லி ஆம்பியர்-ஹவர். உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட்தான், ஆக மொத்தம் 74 வாட்-ஹவர். பார்க்க 20,000, குடத்தில் இருப்பது 74! அதற்காக மட்டம் என்று சொல்லவில்லை. 5 வாட் யு.எஸ்.பி. விளக்கு ஒன்றைச் செருகினால் பத்து மணி நேரத்துக்கு மேல் எரியும். செல்போனுக்காக வீட்டில் ஏற்கெனவே பவர் பேங்க் இருந்தால், விளக்குக்கு மட்டும் செலவு செய்தால் போதும். அதுவும் முடியாதவர்கள் உள்ளேயே பேட்டரி வைத்த எல்.இ.டி. பல்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, சமையல்கட்டு ஹோல்டரில் மாட்டிவிடுங்கள். ஸ்விட்ச் போட்டே இருந்தால், கரன்ட் போன மறு நிமிஷமும் எரியும்.

ஜாக்கிரதை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்வர்ட்டரின் பெரிய ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கும் வாயு வெளியேறும். அதைக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். சமையல்கட்டுக்கு லைன்தான் கேட்கிறேன், பேட்டரியை அங்கே கொண்டு வந்து வைத்துவிடாதீர்கள்! டிஸ்டில்டு வாட்டர் அளவை அவ்வப்போது பாருங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. லித்தியம் பேட்டரிக்கு அந்த வேலை இல்லை. ஆனால் வெயிலில் வைப்பது, தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது இரண்டும் ஆபத்து. வயிறு உப்பிப் போனால் உடனே ஓரம் கட்டுங்கள், குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள். அதில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றொரு வகை உண்டு. விலை கொஞ்சம் கூட, ஆனால் சூட்டைத் தாங்கும், ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் பிடிக்கும். பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். உபயோகிக்காவிட்டாலும் மாதம் ஒரு தடவை சார்ஜ் போடுங்கள். புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்ன அன்றே முழுசாக ஏற்றி வையுங்கள்.

கரன்ட் ஒழுங்காகக் கொடுக்க வேண்டியது மின்வாரியத்தின் பொறுப்பு, அதை நான் மறுக்கவில்லை. நாம் பேட்டரி வாங்கிவிட்டோம் என்று அவர்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது. கரன்ட் போய் வரவில்லை என்றால் 2021-ல் தொடங்கிய மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். அதற்கும் வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்து உத்திரமேரூரில், சபைக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்த விதிகளை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, சொந்த வீட்டில் எந்த அறைக்கு வெளிச்சம் என்பதில் நமக்கு ஒரு ஓலை கூட இல்லை என்றால் நியாயமா? வீட்டு ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். லைன் இழுக்கும்போது வீட்டில் அதிக நேரம் நிற்பது யார், எங்கே நிற்கிறாள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெண்களுக்கும் ஒன்று. யாரும் கேட்கவில்லை என்று வருத்தப்பட்டு உட்காராமல், வாட் கணக்கோடு போய் நாமே கேட்போம். ஒன்பது வாட் பல்புக்கு எந்த வீட்டு இன்வர்ட்டரும் "தாங்காது" என்று சொல்லாது!

— ஓர் இல்லத்தரசி, மானாம்பதி.