மே மாதத் தின்னர் எங்கே?

ஆசிரியர் உரை

கறுப்பு பானெட். இரண்டாவது கோட் கிளியர் போட்டுக் கன்னை இறக்கியபோது கண்ணாடி மாதிரி இருந்தது. உச்சி வெயில் நேரம். தகரக் கூரைக்குக் கீழே நின்றவனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ‘இந்த வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், வெளியே தள்ளு’ என்றார் முதலாளி. தள்ளினோம். மறுநாள் காலை டியூப்லைட்டுக்குச் சாய்வாக நின்று பார்த்தால், குண்டூசி முனையால் குத்தினாற்போல பானெட் முழுக்கப் புள்ளி. தூசி என்று நினைத்து 2000 நம்பர் பேப்பர் போட்டேன். புள்ளி போகவில்லை, வாய் திறந்துகொண்டது. பஃபிங் செய்தேன். ஒவ்வொரு குழியிலும் வெள்ளைக் காம்பவுண்ட் போய் உட்கார்ந்துகொண்டது.

பானெட்டை இழைத்து மறுபடி அடித்தோம். கிளியருக்கான காசு அந்த வாரச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. தப்பு என் கையில்தான் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மே 4 அன்று கத்திரி பிறக்கிறது. அடுத்த மூன்றரை வாரத்துக்கு இந்தக் கதை தமிழ்நாட்டில் எத்தனையோ பட்டறையில் நடக்கும். பிடித்தம் பெயின்டருடைய கூலியில்தான் விழும். ஆகவே இந்த இதழில் பெயின்டர்களோடு பேசுவதைவிட, சரக்கு வாங்குகிற முதலாளிகளோடும் சரக்கு விற்கிற கடைக்காரர்களோடும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், அந்தப் பானெட்டில் என்ன நடந்தது? 2கே கிளியர் காய்வது இரண்டு வேலை. ஒன்று, தின்னர் ஆவியாகி வெளியேறுவது. இன்னொன்று, கிளியரில் இருக்கும் அக்ரிலிக் பிசினும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட்டும் ஒன்றையொன்று பிடித்து இறுகுவது. இரண்டும் சேர்ந்து நடந்தாலும், உள்ளே இருக்கும் தின்னர் போய் முடிகிறவரை மேல்தோல் மூடாமல் இருக்க வேண்டும். வெயில் இரண்டையுமே முடுக்கிவிடுகிறது. மேலே இருக்கும் தின்னர் சட்டென்று பறந்துவிடுவதால் தோல் கட்டிவிடுகிறது. அடியில் இருக்கும் தின்னருக்கு வழியில்லை. பேனல் சூடேற ஏற அது கொதித்துத் தோலைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறது. நாம் சால்வென்ட் பாப் என்கிறோமே, அது இதுதான். குத்திக்கொண்டு வர முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டால், வாரக்கணக்கில் மெல்லக் கசிந்து படலம் சுருங்கும். டெலிவரி அன்று பளபளத்த வண்டி அடுத்த மாதம் மங்கலாகத் திரும்பி வருவது அதனால்தான்.

டப்பாவோடு வரும் டேட்டா ஷீட்டில் உள்ள கணக்கெல்லாம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்குப் போட்டது. நம் ஷெட்டில் 20 டிகிரி எந்த மாதத்தில் இருக்கிறது? பத்து டிகிரி கூடினால் ரசாயன வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழைய கைக்கணக்கு. 20 டிகிரியில் இரண்டு மணி நேரம் தாங்கும் கலவை, 40 டிகிரியில் அரை மணி நேரத்தைத் தாண்டினால் பெரிய விஷயம். முழு வண்டிக்கும் ஒரேயடியாகக் கலந்து வைத்தால், ரூஃபுக்குப் போன கிளியரும் கடைசி டோருக்குப் போகிற கிளியரும் ஒரே சரக்கில்லை. கப்பில் கெட்டியானதைத் தின்னர் ஊற்றி இளக்கலாம். ஏற்கெனவே நடந்துவிட்ட வினையைத் திருப்ப முடியாது. மே மாதத்தில் சின்னச் சின்னதாகக் கலப்பதுதான் சிக்கனம்.

இனி தின்னர் விஷயத்துக்கு வருவோம். ஆவியாகும் வேகத்தை அளக்கிறவர்கள் பியூட்டைல் அசிடேட்டை 1 என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் டொலுயின் ஏறக்குறைய 2. அசிடோன் 5-க்கும் மேல். சைலீன் 1-க்குக் குறைவு. மெத்தாக்ஸி புரொப்பைல் அசிடேட் மூன்றில் ஒரு பங்குதான். ஃபாஸ்ட், மீடியம், ஸ்லோ என்று கம்பெனிகள் தின்னரைப் பிரித்து விற்பது இந்த வேகங்களைக் கூட்டிக் குறைத்துக் கலந்துதான். ஸ்லோ தின்னர் பேனலில் கூடுதல் நேரம் நின்று, கிளியர் பரவிச் சமமாவதற்கும் அடியில் இருப்பது வெளியேறுவதற்கும் அவகாசம் கொடுக்கிறது. ஹார்டனரிலும் இதே பிரிவு உண்டு. மே மாதத்துக்கு வேண்டியது ஸ்லோ தின்னர், அதற்கு ஏற்ற ஸ்லோ ஹார்டனர்.

கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். ‘அதெல்லாம் யாரும் கேட்கிறதில்லை, ஆர்டர் போட்டால் ஒரு வாரத்தில் வரும்’ என்பார்கள். யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. மார்கழியில் வாங்கிய அதே டின்தான் சித்திரையிலும் அலமாரியில் இருக்கிறது. பல இடங்களில் அதுவும் இல்லை. என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) தின்னர் ட்ரம்மில் இருக்கிறது. கன் கழுவவும் அதுதான், கிளியரில் ஊற்றவும் அதுதான்.

இந்தப் பழக்கத்துக்கு நூறு வயது. 1923-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ஓக்லாண்டு கார்களுக்கு டூபான்ட் கம்பெனியின் டூகோ என்ற நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரை அடித்தது. வாரக்கணக்கில் காய்ந்த பெயின்ட் மணிக்கணக்கில் காய ஆரம்பித்தது. கம்பெனி வைத்த பெயர் நம்மூரில் வேலைக்கே பெயராகி, இன்றைக்கும் ‘டூகோ பெயின்ட்’ என்கிறோம். அந்த லாக்கரில் ஹார்டனர் கிடையாது. தின்னர் பறந்தால் காய்ந்தது, அவ்வளவுதான். எந்தத் தின்னரையும் ஊற்றி ஒப்பேற்றலாம். 2கே அப்படிப்பட்ட சரக்கில்லை. என்.சி. தின்னரில் அசிடோன் மாதிரி சட்டென்று பறக்கிறவை இருக்கும். கூடவே ஆல்கஹாலும் இருக்கும். ஆல்கஹால் ஐசோசயனேட்டோடு சேர்ந்துகொள்ளும். பிசினுக்குப் போக வேண்டிய ஹார்டனரில் ஒரு பங்கைத் தின்னரே தின்றுவிடும். அப்புறம் கிளியர் முழுசாக இறுகவில்லை, பெட்ரோல் பட்டால் கறை விழுகிறது, நகம் வைத்தால் பதிகிறது என்றால் பெயின்டர் என்ன செய்வார்?

லிட்டருக்கு மிச்சம் பிடிக்கிற தொகையை, ஒரு பானெட்டை இழைத்து மறுபடி பேஸ் கோட்டும் கிளியரும் அடிக்கிற செலவுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரியான தின்னர் இல்லாதபோது பெயின்டர் தன் கைக்கு எட்டிய வைத்தியங்களைச் செய்கிறார். மேற்பரப்பு சொரசொரவென்று ஆரஞ்சுத் தோலாக விழுவதைப் பார்த்து, அடுத்த கோட்டைக் கனமாக ஊற்றுகிறார். அடியில் மாட்டும் தின்னர் இன்னும் கூடுகிறது, பாப் நிச்சயம். இல்லையென்றால் அதே ஃபாஸ்ட் தின்னரைக் கூடுதலாக ஊற்றுகிறார். பார்க்க வழவழப்பாக ஓடும், ஆனால் படலம் மெலிந்துவிடும். இரண்டு கோட்டுக்கு 50, 60 மைக்ரான் நிற்க வேண்டிய இடத்தில் 35 நின்றால், ஒரு பஃபிங்குக்கே அது பற்றாது. வேறு சிலர் ஹார்டனரைக் குறைக்கிறார்கள். ‘வெயிலுக்கு இது போதும்.’ போதாது. 2:1 என்றால் வெயிலிலும் 2:1தான், மழையிலும் 2:1தான். மூன்று வைத்தியமும் அலமாரியில் இருக்க வேண்டிய ஒரு டின்னுக்கு மாற்றாகச் செய்யப்படுகிறவை.

சரி, ஸ்லோ தின்னர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அளக்க வேண்டியது பேனலின் சூடு. காற்றின் சூடு இல்லை. செய்தியில் 40 டிகிரி என்பார்கள். வெளியே நின்ற கறுப்பு வண்டியின் ரூஃப் 60-ஐத் தாண்டியிருக்கும். பக்கத்தில் நின்ற வெள்ளை வண்டியில் கை வைக்க முடியும். துப்பாக்கி மாதிரி பிடித்துப் பார்க்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றைப் பட்டறைக்கு வாங்கிப் போடுங்கள். பெயின்ட் அடித்த பரப்பில் அது சரியாகக் காட்டும். மினுமினுக்கும் வெறும் தகரத்தில் குறைத்துக் காட்டும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். பேனல் 35-ஐத் தாண்டியிருந்தால் கன்னைக் கையில் எடுக்காதீர்கள். வண்டியை முந்தின நாள் சாயங்காலமே நிழலில் ஏற்றி நிறுத்திவிட்டால் காலையில் இந்தக் கவலையே இல்லை. அவசரத்துக்கு ஈரத்துணி போட்டுக் குளிர வைப்பவர்கள், இடுக்கில் தங்கும் தண்ணீர் கிளியர் அடிக்கும்போதுதான் வெளியே வரும் என்பதை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள்.

கிளியர் போட உகந்த நேரம் காலை ஏழிலிருந்து பத்து. ராத்திரி அடிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். லைட்டைப் போட்டதும் வருகிற பூச்சிகள் ஈரக் கிளியரைத் தேடித்தான் உட்காரும். கடலோர ஊர்களில் ராத்திரியின் ஈரப்பதம் வேறு. பூத் இருப்பவர்கள் எப்போதும் அடிக்கலாம். திறந்த ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் காலைதான். மாஸ்கிங்கும் ரப்பிங்கும் முந்தின நாளே முடிந்திருந்தால்தான் அந்தக் காலை கிடைக்கும்.

முழு வண்டி என்றால் ரூஃபில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். முதலில் அடித்த ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த கை அதன்மேல் விழ வேண்டும். உலர்ந்த ஓரத்தில் விழுந்த தூவல் உருகாது. மணல் தூவினது மாதிரி நிற்கும். கன்னைத் தள்ளிப் பிடித்தாலும், காற்றைக் கூட்டினாலும் இதே கதிதான்: துளி பேனலுக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி காய்ந்துவிடும். ஒரு சாண் தூரம் போதும். முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் டேட்டா ஷீட் சொன்ன நிமிடங்களைக் கடிகாரம் பார்த்து விடுங்கள். வெயிலில் மேலே தொட்டால் ஒட்டாது, அடியில் ஈரம்தான். பெடஸ்டல் ஃபேனைத் திருப்பி வைக்காதீர்கள், அது மேல்தோலை மூடுகிற வேலையைத்தான் செய்யும். முடித்ததும் வண்டியை வெயிலில் தள்ளுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பூத்தில் 60 டிகிரியில் அரை மணி நேரம் சுட வைக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே சூடேற்றுவதற்கு முன் தின்னர் போக நேரம் விடுகிறார்கள். நாம் ஒரே நிமிடத்தில் அடுப்பில் வைத்துவிடுகிறோம். என் பானெட் பாழானது அப்படித்தான்.

கம்ப்ரசரையும் மறக்க வேண்டாம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் தண்ணீரைத்தான் சுமக்கும். 30 டிகிரியில் 30 கிராம், 40-இல் 50 கிராம் வரை சுமக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஊர்களில் வெயிலும் ஈரமும் சேர்ந்தே வரும். அந்தக் காற்றை அமுக்கி, அது டேங்கிலும் பைப்பிலும் குளிரும்போது தண்ணீர் பிரிந்து ஓஸ் வழியாகக் கன்னுக்கு வருகிறது. ஐசோசயனேட்டும் தண்ணீரும் சேர்ந்தால் கரியமில வாயு, படலத்துக்குள் குமிழி. அதைப் பார்த்துவிட்டுத் தின்னரைத் திட்டுவோம். டேங்கின் அடி வால்வைக் காலையிலும் மத்தியானமும் திறந்து வடியுங்கள். ஹார்டனர் டப்பாவை ஊற்றிய கையோடு மூடுங்கள்.

கடைசியாக முகமூடி. வெயிலில் முதலில் கழற்றப்படுவது அதுதான். வியர்வைக்கு யார் போட்டுக்கொண்டு நிற்பார்கள்? கழுத்தில் தொங்கும், இல்லையென்றால் கர்ச்சீப். கர்ச்சீப் தூசியைத் தடுக்கும், ஐசோசயனேட்டைத் தடுக்காது. மூச்சுக் குழாயைக் கெடுக்கும் அளவு காற்றில் இருந்தாலும் அதன் வாசனை நமக்குத் தெரியாது. பிரிட்டனில் வேலையால் வரும் ஆஸ்துமாவின் முதன்மைக் காரணங்களில் ஒன்றாக அதைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், டைஐசோசயனேட் 0.1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சரக்கைத் தொழிலில் கையாள்கிறவர் பயிற்சி பெற்றிருந்தாக வேண்டும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே இழுப்பு வரும். தொழிலையே விட வேண்டியதுதான். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி முழுப் பாதுகாப்பு; வியர்க்கிற முகத்துக்குக் காற்றும் கிடைக்கும். காலையில் அடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 30 டிகிரியில் போட்டுக்கொள்கிற முகமூடியை 42-இல் யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜாப் கார்டில் நான்கு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்: அடித்த நேரம், பேனலின் சூடு, தின்னர் எந்த வகை, ஹார்டனர் எந்த வகை. எழுத அரை நிமிடம் ஆகாது. அடுத்த பானெட்டில் புள்ளி விழுந்தால், கூலியில் கை வைப்பதற்கு முன் அந்தக் கார்டை எடுத்துப் பாருங்கள். ‘மதியம் 1.15, 54 டிகிரி, மீடியம்’ என்று எழுதியிருந்தால், அந்த மூன்றையும் முடிவு செய்தவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கு எங்கள் பட்டறையில் அப்படி ஒரு கார்டு இல்லை.