நாம என்ன ஆசாரியா?

போன பொங்கலுக்கு எங்க ஆயாவுக்கு ஒரு நாற்காலியும், கால் வைக்க ஒரு குட்டி ஸ்டூலும் என் கையால செஞ்சேன். வேப்பமரம். ஊரு பென்னாகரம் பக்கம். இதைச் சொல்லி படம் காட்டுறதுக்கு இந்தப் பதிவு இல்லை மக்களே. செஞ்சதுக்கப்புறம் காதுல விழுந்த வசனங்கள்தான் மேட்டர்.

ஆபீஸ் நண்பன்: "ஆன்லைன்ல போட்டா ரெண்டு நாள்ல வந்துரும், எதுக்குடா வெட்டி வேலை?"

சொந்தக்காரர்: "நாம என்ன ஆசாரியா?"

முற்போக்குத் தோழர்: "கைத்தொழில் பெருமை பேசினா கடைசில குலக்கல்வியிலதான் வந்து நிக்கும்."

மூணு பேருக்கும் வரிசையா பதில் சொல்லிடறேன்.

நண்பா, ஆன்லைன்ல வர்றதுல முக்கால்வாசி இன்ஜினியர்டு வுட். மரத்தூளையும் சில்லையும் பசை போட்டு அழுத்தின பலகை. தண்ணி பட்டா உப்பும். ஒரு தடவை ஸ்க்ரூ கழண்டா அந்த ஓட்டை மறுபடி பிடிக்காது. நிஜ மரத்துல, ஒரு கட்டையில சதுரமா துளை அடிச்சு, இன்னொரு கட்டையோட நுனியை நாக்கு மாதிரி செதுக்கி உள்ளே இறக்கினா, அது வருஷக்கணக்கா நிக்கும். ஆடினாலும் ஆப்பு வெச்சு இறுக்கிக்கலாம். அதை விட முக்கியம், அளவு. கடை நாற்காலி சராசரி மனுஷனுக்குச் செய்றது. எங்க ஆயா சராசரி இல்லை. அதுல உக்காந்தா கால் தரையில படாது, தொங்கும். கால் வீக்கத்துக்கு டாக்டர் வேற காலைத் தூக்கி வெச்சுக்கச் சொல்லியிருக்கார். முழங்கால் உயரத்தை அளந்து செய்றதுக்கு எந்த ஆப்லயும் பட்டன் கிடையாது.

அடுத்து சொந்தக்காரர். இவர் கேள்விதான் நிஜமான கேள்வி. இதே வேலையை ஒரு வெள்ளைக்காரர் கராஜுல செஞ்சு யூடியூப்ல போட்டா ஹாபி, லட்சம் லைக்கு. பென்னாகரத்துல செஞ்சா மானம் போகுதாம்! தினமும் ஆபீஸ்ல "ஆணி புடுங்குறோம்"னு நாமளே சொல்லிச் சிரிச்சுக்கறோம். நிஜ ஆணியைத் தொட்டா மட்டும் கவுரவக் குறைச்சலா? எஞ்சினியரிங் முதல் வருஷத்துல மரவேலை லேப் இருந்துச்சு. ரெண்டு கட்டையை ஒட்டி மார்க் வாங்கினதோட சரி. அதுக்கப்புறம் உளியைத் தொடாம இருக்கறதுக்குப் பேர்தான் படிப்பு போல.

எங்கப்பாவே, வந்தவங்க கேட்டப்ப "தர்மபுரியில வாங்கினது"ன்னு சொன்னார். அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. கடன் வாங்கிப் படிக்க வெச்சதே பையன் கை காய்ச்சுப் போகக் கூடாதுன்னுதான். எங்க பக்கத்துல இருந்து பெங்களூர் கட்டட வேலைக்கு பஸ் ஏறிப் போனவங்க கையைப் பார்த்தவருக்கு அந்த பயம் நியாயம். ஆனா அவர் பயப்பட்டது வறுமைக்கு, உளிக்கு இல்லை. சொந்தக்காரர் கேட்டது வேற. அவர் கேட்டது சாதி.

இப்ப தோழர். 1953-ல ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைச்சு, மிச்ச நேரம் பிள்ளைங்க அப்பன் தொழிலைக் கத்துக்கட்டும்னு சொல்லுச்சு. பெரியார் எதிர்த்தார், தமிழ்நாடே எதிர்த்துச்சு, 1954-ல காமராஜர் வந்ததும் அது ஒழிஞ்சுது. நூத்துக்கு நூறு சரி. 2023-ல மத்திய அரசு கொண்டு வந்த விஸ்வகர்மா திட்டத்துல பரம்பரைத் தொழில்ங்கற நிபந்தனை இருக்குன்னு 2024-ல தமிழக அரசு ஏத்துக்கலை. 2025-ல சாதி பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்குச்சு. அதுவும் சரி.

ஆனா தோழர், ஆசாரி பையன் வெளியே வரணும்னு போராடினது பாதி வேலை. மத்தவன் பையன் உள்ளே போறானா? வெளியே போற கதவு மட்டும் திறந்து, உள்ளே வர்ற கதவு பூட்டியே இருந்தா, "இது அவங்க வேலை"ங்கற நினைப்பு அப்படியேதானே இருக்கு? எனக்குக் கத்துக் கொடுத்தவர் எங்க ஊர் ஆசாரி. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமைக்கும் அவரோட நாள் கூலியைக் கொடுத்துதான் கத்துக்கிட்டேன். அவர் பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். அவன் கோட் எழுதட்டும், நான் பலகை இழைக்கறேன். ரெண்டும் சேர்ந்து நடந்தாத்தான் குலக்கல்வி செத்துச்சுன்னு அர்த்தம்.

"அவங்க பொழப்பைக் கெடுக்கறே"ன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. அவங்க பொழப்பைக் கெடுத்தது பிளாஸ்டிக் நாற்காலியும், மால்ல எரநூறு ரூபாய் காபியை வாயைத் திறக்காம வாங்கிட்டு ஆசாரிகிட்ட அம்பது ரூபாய்க்கு பேரம் பேசுற நாமளும்தான். எனக்கு அது ஞாயித்துக்கிழமை, அவருக்கு அரிசி. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். உளியைப் பிடிச்ச பிறகு எனக்கு பேரம் பேச வாய் வரலை. ஒரே ஒரு துளையை சதுரமா அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு கைக்குத் தெரிஞ்சுபோச்சு.

2020-ல கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில ஊராட்சித் தலைவரையே தரையில உக்கார வெச்ச போட்டோ ஞாபகம் இருக்கா? அவங்க தலித் பெண். மத்தவங்களுக்கு நாற்காலி. எவன் உக்காரணும்னு சாதி முடிவு பண்ற நாட்டுல, எவன் செய்யணும்னும் அதேதான் முடிவு பண்ணுது.

திட்டறவங்க பின்னூட்டத்துல தாராளமா திட்டுங்க. கூடவே இதுக்கும் பதில் சொல்லிட்டுப் போங்க: உங்க வீட்டு நாற்காலியைச் செஞ்சவரை என்னிக்காவது அதுல உக்காரச் சொல்லியிருக்கீங்களா?

டிஸ்கி: அளவு கேட்கப் போற நல்ல உள்ளங்களுக்கு - நாற்காலி 15 அங்குல உயரம், ஸ்டூல் 12. அது எங்க ஆயா அளவு. உங்க ஆயாவை நீங்க அளந்துக்குங்க :-)